குளிசை போட்டனானோ?

எனக்கு நித்திரை என்றால் உயிர், ஐயா. சின்ன வயதிலேயே அப்படித்தான். காலைப் பூசைக்கு எழுப்பினால் பாயைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் புரண்டுவிடுவேன் என்று பள்ளிமுனையில் என் அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா. அப்படிப்பட்ட என்னைப் பேசாலையில் ஒரு கடற்தொழிலாளிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் ஒழுங்காக நித்திரை கொண்ட இரவுகள் குறைவு.

இதை ஏன் சொல்கிறேன் என்று யோசிக்கிறீர்கள். நீங்கள் என் மனுசனின் மரண விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள். மாரடைப்பு, கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். நானும் அதையே சொல்லியிருப்பேன், நீங்களும் எழுதிக்கொண்டு போயிருப்பீர்கள். ஆனால் நீங்கள் அவருடைய நெஞ்சு வருத்தக் குளிசைப் பெட்டியை எடுத்துத் திறந்து பார்த்து, "என்னம்மா, இவ்வளவு மிச்சம் கிடக்கு? மனுசன் ஒழுங்காப் போடேல்லையோ?" என்று கேட்டீர்கள். கேட்டபடியால் சொல்கிறேன். மகள் கிருஷிகா சவப்பெட்டிக்குச் சொல்லவும் குழிக்குச் சொல்லவும் கோவிலடிக்குப் போயிருக்கிறாள். வர நேரமெடுக்கும். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஆறிவிடும்.

பஸ்ரியன் நல்ல மனுசன். குடி இல்லை, கை நீட்டுகிற பழக்கம் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் கூட. யாரையாவது நக்கலடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. பின்னேரம் போட்டைத் தள்ளினால் விடியத்தான் கரைக்கு வருவார். அவரும் யாகப்பரும் ஒரே போட்டில் போகிறவர்கள், இளந்தாரிக் காலத்திலிருந்தே சோடி. அவர்கள் போனபிறகு நான் லைற்றை நிற்பாட்டிவிட்டுப் படுப்பேன். உடம்பு படுக்கும், காது மட்டும் கடற்கரையிலே போய் நிற்கும். அத்தனை எஞ்சினுக்குள்ளும் அவருடைய எஞ்சின் எது என்று எனக்குத் தெரியும். அது கேட்டபிறகுதான் கண்ணை மூடுவேன். மூடி என்ன பயன், அவர் வந்து தேத்தண்ணி கேட்பார்.

என்னுடைய அப்பாவும் கடலுக்குப் போய்த்தான் இல்லாமல் போனவர். உடம்பு கிடைக்கவில்லை. அவர் இடுப்பிலே உடுத்த சாரத்தையும் செபமாலையையும் பெட்டிக்குள் வைத்துப் புதைத்தோம். பெட்டியைத் தூக்கின என் சித்தப்பா, பாரமே இல்லை என்று சொல்லி நடுறோட்டிலே குந்தியிருந்து அழுதார். அது என் மனதிலே அப்படியே நின்றுவிட்டது. வாடைக் காற்று ஊதத் தொடங்கினால் எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வரும்.

போன மார்கழியில் வலை இழுத்துக்கொண்டு இருக்கும்போது அவருக்கு நெஞ்சு நொந்தது. யாகப்பர்தான் கரை சேர்த்தார். மன்னாரிலிருந்து வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மணிக்கட்டாலே மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, இருதயத்து இரத்தக்குழாயின் அடைப்பைத் திறந்து, திரும்ப மூடாதபடி சின்னக் கம்பி வலை ஒன்றை உள்ளே வைத்தார்கள். முழித்தவுடன் இவர் சொன்ன முதல் கதை என்ன தெரியுமா? "இவ்வளவு காலமும் நான் கடலுக்குள்ள வலை வைச்சன். இப்ப எனக்குள்ள ஒரு வலையை வைச்சிட்டினம். என்ன மீன் பிடிபடுகுதெண்டு பாப்பம்." தாதிமாரெல்லாம் சிரித்தார்கள்.

வீட்டுக்கு விடும்போது ஒரு இளம் டொக்டர் பிள்ளை என்னைத் தனியே கூப்பிட்டு விளங்கப்படுத்தினா. நல்ல பிள்ளை, அவவில் ஒரு பிழையும் இல்லை. இந்தக் குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் உள்ளே வைத்த வலையிலே இரத்தம் கட்டிவிடும் என்றா. பிறகு இன்னொன்றும் சொன்னா.

"குழாய் போற வழியில சுவரிலே படிஞ்சிருக்கிற தூள் கொஞ்சம் கிளம்பி மூளைக்குப் போகக்கூடும், அம்மா. கன பேருக்கு ஒண்டும் தெரியாது. ஸ்கான் எடுத்தாத்தான் சின்னப் புள்ளி மாதிரித் தெரியும். சில பேருக்கு ஞாபகம் கொஞ்சம் மங்கும், கவனம் குறையும். பயப்பிடாதேங்கோ. ஆனாக் கொஞ்சம் கவனிச்சுக்கொள்ளுங்கோ."

கவனித்துக்கொள்ளச் சொன்னா. நான் கவனித்தேன். முதலில் உண்மையாகவே பயந்துபோய்க் கவனித்தேன், ஐயா. அதை நீங்கள் நம்பவேண்டும்.

ஒரு தரம் சறுக்கினது. யாகப்பரின் மருமகனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, "டொக்டர் சொன்ன தூள் வேலையைக் காட்டுது போல" என்று தானே சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "தலை சரியாகத் தெளிஞ்சாப் பிறகு கடலுக்குப் போவம். நடுக்கடலிலே திசை மறந்தா வேலையில்லை" என்று தானாகவே சொன்னார். அந்த மாதம் முழுக்க அவர் வீட்டில் நின்றார். நான் நித்திரை கொண்டேன். அப்படியொரு நித்திரை கலியாணத்துக்குப் பிறகு நான் கொண்டதே இல்லை. விடிந்து வெயில் வந்தபிறகு எழும்பினேன். பக்கத்தில் மனுசன் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தார். இதுதான் சொர்க்கம் என்று நினைத்தேன்.

ஆனால் மனுசன் தெளிந்துவிட்டார். எல்லாப் பெயரும் சரியாக வந்தது, நக்கலும் திரும்ப வந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "நாளைக்கு யாகப்பரோட இறங்கிப் பாப்பம்" என்றார். டொக்டரும் மெதுமெதுவாகத் தொழிலுக்குப் போகலாம் என்றுதான் சொல்லியிருந்தா.

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயிலே வந்துவிட்டது.

"நேற்றுத்தானே சொன்னீங்கள், பெரிய வெள்ளி, பாஸ்கு எல்லாம் முடியுமட்டும் போகமாட்டன் எண்டு."

அவர் ஈரக் கையோடு நின்றார். "நான் சொன்னனானோ?"

"ஓம். இந்தக் கதிரையிலே இருந்துதான் சொன்னீங்கள்."

"ஞாபகமில்லையடி."

"அதுக்கென்ன, ஞாபகம் இல்லாட்டிப் பரவாயில்லை. நான் இருக்கிறன்தானே."

அவர் துவாயை எடுத்துக் கையைத் துடைத்தார். கன நேரம் துடைத்தார். நான் சட்டியைக் கழுவப் போய்விட்டேன். ஒரு சின்னப் பொய், ஐயா. பிள்ளையை நித்திரையாக்கப் பேய் வருகிறது என்று சொல்வதில்லையா, அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்று சொன்னால் அது காணாது. அவர் பாஸ்கு வரைக்கும் பொறுத்திருக்கிற ஆளில்லை. மூன்றாம் நாளே காலில் சக்கரம் கட்டினமாதிரி முற்றத்தில் நடக்கத் தொடங்கிவிட்டார். ஆகவே அவருடைய மூக்குக்கண்ணாடியை அலுமாரிக்குள் வைத்தேன். தேடினால், "நீங்கள்தானே வைச்சனீங்கள்" என்றேன். யாகப்பர் தெருவால் போகும்போது கூப்பிட்டுவிட்டுப் போனார் என்று சொல்லாமல் விட்டேன். பிறகு, "சொன்னனான், நீங்கள்தான் மறந்துபோனீங்கள்" என்றேன். எல்லாம் சில்லறை விசயம். எதையும் நான் உடைக்கவில்லை, எதையும் களவெடுக்கவில்லை.

வலைதான் கொஞ்சம் கூடிப்போனது என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டில் நிற்கிற மனுசன் சும்மா இருப்பாரா? கிழிந்த வலைகளை விறாந்தையில் போட்டுப் பொத்தத் தொடங்கினார். அவருடைய கை ஊரிலே பேர்பெற்ற கை. அவர் பொத்தின இடம் எது என்று தேடினாலும் கண்டுபிடிக்கமுடியாது. பகற்சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கண்ணயருகிற நேரம் பார்த்து நான் போய் இருந்து, அவர் காலையிலே பொத்தின வலைக்கண்களை பிளேட்டால் வெட்டி, திரும்பப் பிழையாக முடிந்து வைப்பேன். சில கண் பெரிது, சில கண் சிறிது. நானும் வலைக்காரன் வீட்டுப் பிள்ளைதான், எனக்கும் ஊசி பிடிக்கத் தெரியும். அவர் எழும்பி வந்து வலையை விரித்துப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அடுப்படிக்குப் போய்விடுவேன்.

கடலுக்குப் போகிற கதையை அவர் தானாகவே விட்டுவிட்டார். நக்கலையும் விட்டுவிட்டார். பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் கதைப்பதையே குறைத்துக்கொண்டார். சோறு சாப்பிட்டுவிட்டு, "றஞ்சிதம், நான் சாப்பிட்டனானோ?" என்று கேட்கத் தொடங்கினார்.

கிருஷிகாவுக்கு மனம் கேட்கவில்லை. அவள் மன்னார் ரவுனில் படிப்பிக்கிறாள், கிழமைக் கடைசியிலேதான் வருவாள். "அப்பாவுக்கு ஒரு ஸ்கான் எடுங்கோ அம்மா" என்று நச்சரித்தாள். சரி என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எடுத்து முடிந்து டொக்டர் கூப்பிட்டபோது இவர் வெளியே போட்டிருந்த வாங்குப் பலகையிலிருந்து எழும்பவில்லை. "நீ போய்க் கேள். எனக்குக் கேக்கப் பயமாக் கிடக்கு" என்றார். எத்தனை புயலுக்குள்ளே வலை வலித்த மனுசன், ஐயா. வாங்கின் கரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார்.

உள்ளே அதே டொக்டர் பிள்ளை சிரித்துக்கொண்டு இருந்தா. "ஒண்டுமே இல்லை, அம்மா. ஒரு புள்ளிகூட இல்லை. இந்த வயசுக்கு அருமையான மூளை. மறதி எண்டு சொல்லுறது மனப்பயமாத்தான் இருக்கவேணும். தொழிலுக்குப் போகட்டும், ஆள் தன்பாட்டிலே தெளிஞ்சிடுவார்."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. உண்மையாகச் சந்தோசம். மாதாவுக்கு நன்றி சொன்னேன். கதவைத் திறந்து வெளியே வரும்வரை அவரிடம் அதைத்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பக்கத்தில் இருந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "மூண்டு இடத்திலே புள்ளி கிடக்காம். பயப்பிடத் தேவையில்லையாம். கடல் மட்டும் வேண்டாமாம்" என்றேன்.

"மூண்டோ?" என்று கேட்டார். பஸ்ஸிலே வரும்போது என் தோளிலே சாய்ந்து நித்திரை கொண்டார். கிருஷிகா படங்களைக் கேட்டபோது ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள் என்றேன்.

நான் மாதாமாதம் முதல் வெள்ளிக்குப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள். கோபப்பட்டதைச் சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து எரிச்சல்பட்டதைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று மறைக்கவில்லை, இது பாவக் கணக்கிலே வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெரிய வெள்ளிக்கிழமை, யேசுவின் பாடுகளைச் சொல்லுகிற வியாகுலப் பிரசங்கம் வாசிப்பது வருசாவருசம் இவர்தான். அந்தக் குரலுக்குக் கல்லும் அழும் என்பார்கள். இந்த முறை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், பங்குச் சுவாமி விடவில்லை. ஏறி நின்று நன்றாகத்தான் தொடங்கினார். ஒரு பக்கம் முடிந்து மற்றப் பக்கத்தைத் திருப்பினவர் அப்படியே நின்றுவிட்டார். கோவில் நிறையச் சனம். எல்லோரும் பார்த்துக்கொண்டு இருக்க, இவர் பெண்கள் பக்கம் திரும்பி என்னைத் தேடினார். கண்டுபிடித்து, புத்தகத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இதை வாசித்துவிட்டேனா என்று கேட்கிறார் என்று எனக்கு மட்டும்தான் விளங்கினது.

நான் ஓம் என்று தலையாட்டினேன். பழக்கத்திலே ஆட்டிவிட்டேன். அவர் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார். மாதா மகனின் உடம்பை மடியிலே வாங்குகிற இடம் இந்த வருசம் பேசாலையில் வாசிக்கப்படவில்லை. சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. அவரிடம் பிறகு ஒருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை, அவ்வளவு மரியாதை.

அன்றைக்கு எனக்குள்ளே ஒரு ஆறுதல் வந்தது என்று சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ தெரியாது. கோவிலில் அவர் தடுமாறினதற்கு நான் ஒன்றும் செய்யவில்லையே. அப்படியென்றால் வருத்தம் உண்மையிலேயே இருக்கிறது, ஸ்கானுக்குத்தான் தெரியவில்லை, நான் சொன்னது பொய்யில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நித்திரை திரும்பவும் போய்விட்டது. எனக்குக் களைப்பு, ஐயா. அவர் என்னைக் கேட்காமல் ஒரு அலுவலும் செய்வதில்லை. கதவு பூட்டினனானோ, முகம் கழுவினனானோ, செபம் சொன்னனானோ, நாள் முழுக்க இதுதான். இரவிலும் தட்டி எழுப்பிக் கேட்பார். ஒரு மனுசனின் தலையையும் சேர்த்து என்னுடைய தலையிலே சுமக்கவேண்டியதாய்ப் போயிற்று. காலையில் அடுப்பு ஊதிக்கொண்டு இருக்கும்போது பின்னாலே வந்து நிற்பார்.

"றஞ்சிதம், குளிசை போட்டனானோ?"

பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்வேன். முதலில் அப்படித்தான். பிறகு திரும்பிப் பார்க்காமலே ஏதாவது ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன். "போட்டிட்டீங்கள்" என்று சொன்னால் அவர் போய்விடுவார். "இல்லை" என்று சொன்னால் தண்ணி எடுத்துக் கொடுக்கவேண்டும், பெட்டியைத் தேடவேண்டும், விழுங்கும்வரை நிற்கவேண்டும். புகைக்குள்ளே நின்று கண் எரியும்போது எது லேசு என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் காலத்திலேதான் யாகப்பர் ஒரு நாள் வலை பார்க்க வந்தார். விறாந்தையிலே இருந்து இவர் பொத்தின இடத்தைக் கையிலே எடுத்து நெருங்கிப் பார்த்தார். நகத்தால் ஒரு முடிச்சை நெருடினார்.

"இது உன்ர முடிச்சில்லையே, பஸ்ரியன்."

"என்ர கைதான் போட்டது."

"நாங்கள் நூலை ஒருக்காத்தான் சுத்தி இறுக்கிறது. இது ரெண்டு தரம் சுத்தின முடிச்சு. இங்க ஆர் இப்பிடிப் போடினம்?"

"மூளையே மாறிப்போச்சாம், யாகப்பர். முடிச்சு மாறாதோ?" என்று சொல்லி இவர் சிரிக்கப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கினது. கண்ணைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் கவனித்த நான் முடிச்சைக் கவனிக்கவில்லை. பள்ளிமுனையில் என் அப்பா பழக்கிவிட்ட முடிச்சு, விரல் தன்பாட்டுக்குப் போட்டுவிட்டது. யாகப்பர் படலையடியில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, நீ பள்ளிமுனையாள் என்ன?"

"ஓம் அண்ணன்."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். போனவர் நேரே கிருஷிகாவுக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அம்மா, வாற சனிக்கிழமை அப்பாவை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன். டொக்டரோட நானே கதைக்கிறன். நீங்கள் வரத் தேவையில்லை."

டொக்டர் பிள்ளை என்ன சொல்லுவா என்று எனக்குத் தெரியும். ஒரு புள்ளிகூட இல்லை என்பா. இவர் குதித்துக்கொண்டு வந்து அன்றைக்கே போட்டைத் தள்ளுவார். நான் திரும்பவும் கடற்கரையிலே காதை வைத்துக்கொண்டு படுக்கவேண்டும். அல்லது இவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிப்போகும். எது கூடப் பயம் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அந்தக் கிழமை அவர் ஒவ்வொரு காலையும் கேட்டார். ஒவ்வொரு காலையும் "போட்டிட்டீங்கள்" என்றேன். களைப்பு என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கிழமை அடுப்பிலே புகை இருக்கவில்லை, ஐயா. கிருஷிகா வாங்கிக்கொண்டு வந்த காஸ் அடுப்பிலேதான் சமைத்தேன். திரும்பி நின்று, அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை முகம் வேர்த்திருந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்.

"நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு, றஞ்சிதம். குளிசை போட்டனானோ?"

"போட்டிட்டீங்கள்."

"வடிவாத் தெரியுமோ?"

"நான் பொய் சொல்லுவனே?"

"சீ, அப்பிடிச் சொல்லேல்லை" என்றார். அவருக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. "நீ இல்லாட்டி என்ர பாடு என்ன?" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போய்க் கட்டிலிலே சரிந்தார். நானும் பக்கத்திலே போய்ப் படுத்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்திலே கை கனத்தது. கத்தி ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாம். வெளிக்கிட்டால் ஆஸ்பத்திரி எட்டாத தூரமில்லை. ஆனால் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. எனக்கும் கண் சொருகிக்கொண்டு வந்தது. நித்திரை கொண்டுவிட்டேன்.

எழுதவேண்டியதை எழுதுங்கள், ஐயா. பெயர் றஞ்சிதம், நான்தான் செய்தேன், வேறு ஒருவருக்கும் இதிலே பங்கில்லை. கிருஷிகா வரும்போது இதை நீங்களே சொல்லிவிடுங்கள், திரும்பச் சொல்ல எனக்கு ஏலாது.

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கப்படுத்துங்கள். அவளுடைய அப்பாவைக் கடல் கொண்டுபோகவில்லை. முழு உடம்பாக, நல்ல சட்டை போட்டு, உள் அறையிலே கிடக்கிறார். நாளைக்குப் பெட்டியைத் தூக்குகிறவர்களுக்குத் தோள் நோகும். அந்தப் பாரத்தை அவளுக்கு நான் மிச்சம் வைத்துக் கொடுத்திருக்கிறேன், என் அம்மாவாலே எனக்கு அதைத் தர முடியவில்லை.